திங்கட்கிழமை தருவதாகச் சொன்ன பரிசு

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியலில் பெய்த தூறல் நின்றிருந்தது, ஆனால் வானம் வெளுக்கவில்லை. பெரம்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் துணிப் பந்தல், பந்தலுக்குக் கீழே ஒரு மேசை, மேசைமேல் ஒரு நோட்டு, ஒரு பேனா, அது எழுதாமல் போனால் என்று இன்னொரு பேனா. பின்னால் நாற்காலியில் நான். மழை வந்து ஸ்பீக்கர் நனைந்தால் யார் பொறுப்பு என்று மைக்செட்காரரிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்று முறையும் "வராதுங்க சார்" என்றார்.

எங்கள் வீட்டின் முன்பகுதி கடை. ஐந்து வருடமாக லெப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் அதில் செல்போன் கடை நடத்துகிறார். நாற்பதைத் தொடாத வயது. ஊரே அவரைப் பாய் என்று கூப்பிடும், நான் தம்பி என்பேன். வாடகை மாதம் ஐந்தாம் தேதி வந்துவிடும். ஒரே ஒரு முறை ஆறாம் தேதி வந்தது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவருடைய அண்ணன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார், கால்பந்தென்றால் உயிர். கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று அந்த அண்ணன்தான் ஃபேன்டசி ஃபுட்பால் போட்டியை ஆரம்பித்து வைத்தார். இங்கிலாந்தில் ஆடுகிற நிஜ ஆட்டக்காரர்களிலிருந்து பதினொரு பேரை நாம் செல்போனில் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் கோல் அடித்தால் நமக்குப் புள்ளி. கேப்டன் என்று யாரைக் குறிக்கிறோமோ அவருக்கு இரட்டிப்பு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு விலை உண்டு, கொடுத்த கற்பனைப் பணத்துக்குள் அணியை முடிக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது, கடையில் ரீசார்ஜ் செய்தவர் யாரும் சேரலாம். வாரா வாரம் முதல் பரிசு ஆயிரம், இரண்டாம் பரிசு ஐந்நூறு. பணம் ஷார்ஜாவிலிருந்து வரும்.

நானும் சேர்ந்தேன். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் என்பதால் சிக்கனமாக அணி அமைத்தேன். விலை குறைந்த தடுப்பாட்டக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்கியதில் நல்ல தொகை மிச்சமானது. மிச்சம் பிடித்ததற்குப் புள்ளி இல்லை என்பது நான்காவது வாரம்தான் தெரிந்தது. அதற்குள் நூற்று நாற்பது பேரில் நூற்று முப்பத்தொன்றாம் இடத்தில் இருந்தேன்.

செப்டம்பர் வரை பரிசு ஒழுங்காகப் போனது. பிறகு அண்ணன் வேலை பார்த்த கம்பெனி கைமாறி, சம்பளம் நின்றது. ஒரு வாரப் பரிசு பாக்கி விழுந்தது, பிறகு இரண்டு, பிறகு ஆறு. மொத்தம் பன்னிரண்டு பரிசு, ஒன்பதாயிரம் ரூபாய். தம்பி விஷயத்தைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் பொறுத்திருப்பார்கள். அண்ணனுக்குச் சம்பளம் வரவில்லை என்று வெளியே சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் "திங்கக்கிழமை வந்துரும்" என்றார்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் ஒருவர் இரண்டு முதல் பரிசு ஜெயித்திருந்தார். அவருக்கு வாயும் லாரி மாதிரிதான், தூரத்திலிருந்தே கேட்கும்.

"ஏன் பாய், உங்க வூட்டுக் காலண்டர்ல திங்கக்கிழமையே அடிக்கலையா?" என்றார் ஒருநாள், கடை நிறைய ஆள் இருந்தபோது. "ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் நேரா செவ்வாயா?"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். லாரிக்காரர் அதோடு விடவில்லை.

"என் மவ பொங்கலுக்குப் போன் கேக்குது. இங்கதான் அட்வான்ஸ் குடுக்கலாம்னு இருந்தேன். ஆயிரம் ரூவா பரிசத் தராத ஆளு, அட்வான்ஸ வாங்கிக்கிட்டுப் போனு தருவாருன்னு என்னா நிச்சயம்?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து கடையில் கூட்டம் குறைந்தது. நான் மாடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன், போகிறவர் வருகிறவர் கண்ணில் படாமல் இருக்காது. மதியத்துக்குள் நாற்பது பேர் வந்த கடைக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அதில் இருவர் சில்லறை மாற்ற வந்தவர்கள்.

நவம்பர் மூன்றாம் வாரம் தம்பி மாடிக்கு வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், பொங்கல் அட்வான்ஸ் வரலேன்னா கடைய ஓட்ட முடியாது. ஜனவரியோட முடிச்சுட்டு நானும் ஷார்ஜா போயிரலாம்னு பாக்குறேன்."

அவர் போனால் வேறு ஆள் வருவார், வாடகையும் வரும். ஆனால் இந்த ஐந்து வருடத்தில் என் போனில் எதை எங்கே அழுத்தினாலும் எரிச்சல்படாமல் சரிசெய்து கொடுத்த இன்னொருவர் கிடையாது. நோன்பு மாதத்தில் தூக்குவாளி நிறையக் கஞ்சியும் வராது.

"அண்ணன் ஏதும் அனுப்பினாரா?"

"ஏழாயிரத்து ஐநூறு வந்துருக்கு சார். மீதி ஆயிரத்தைநூறு, ஒருத்தர் எங்கிட்ட போன் வாங்கின பாக்கி, ஞாயித்துக்கிழமை தர்றேன்னுருக்காரு. இன்னிக்கே எல்லார் போனுக்கும் பிரிச்சுப் போட்டு விட்டுரவா?"

வேண்டாம் என்றேன். பாக்கி என்று கேள்விப்பட்டவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். போனில் போட்டால் வந்தது வாங்கியவருக்கு மட்டும்தான் தெரியும். நம்மூரில் யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை ஊருக்குச் சொல்ல ஒரு வழி ஏற்கனவே இருக்கிறது. கல்யாண வீட்டில் மேசை போட்டு மொய் எழுதி, பெயரையும் தொகையையும் மைக்கில் சொல்கிறோம். அதையே திருப்பிப் போடுவோம். மேசையிலிருந்து பணம் வெளியே போகட்டும்.

"மைக்கா சார்?"

"மைக்தான். செலவு என்னுது."

"எங்க பொண்ணு கல்யாணத்துக்கே மைக்செட் தண்டச் செலவுன்னாரு இவரு" என்றார் என் மனைவி, உள்ளேயிருந்து.

ஞாயிறு காலை மைக்செட்காரர் வந்தார். ஸ்பீக்கரும் மைக்கும் மட்டும் போதும் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எல்லாம் சேர்த்துத்தான் என்று பந்தலும் போட்டு, இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரத்தையும் கட்டிவிட்டார். என் மனைவி தன் பங்குக்கு ஒரு தாம்பாளத்தில் சந்தனமும் கல்கண்டும் கொண்டுவந்து வைத்தார். ஐந்நூறு என்று மொட்டையாகக் கொடுக்கக்கூடாது, ஐந்நூற்று ஒன்றுதான் மரியாதை என்று உண்டியலிலிருந்து பன்னிரண்டு ஒரு ரூபாய் நாணயமும் எடுத்துக் கொடுத்தார். ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் என் கவலை முழுவதும் மழையில் இருந்தது.

பாக்கி விழுந்த வார வரிசையில் ஜெயித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "முதல் வாரம், இரண்டாம் பரிசு, ஐநூத்தி ஒண்ணு!" என்று மைக்செட்காரர் முழங்க, தெருமுனை டீக்கடையில் தலைகள் திரும்பின. மூன்றாம் வாரத்துக்கு லாரிக்காரர் வந்து ஆயிரத்து ஒன்றை வாங்கி, இரண்டு முறை எண்ணினார்.

"இது பழைய பாக்கி. ஆறாவது வாரமும் எனக்குத்தான். அது வர்ற வரைக்கும் இங்கதான் நிப்பேன்" என்று பந்தக்காலில் சாய்ந்துகொண்டார்.

நான்காம் வாரப் பரிசைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, என்னோடு ஆபீஸில் வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். ஆண்டிமடத்துக்காரர். முகம் சிவந்திருந்தது.

"ஏங்க, வூட்டுல விசேஷம், எனக்கு ஒரு பத்திரிகை வைக்கக் கூடாதா? பேரனுக்குக் காதுகுத்தா?"

என் பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், வயது இருபத்து மூன்று. இதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் தாம்பாளத்தில் ஐந்நூற்று ஒன்று விழுந்துவிட்டது. தாம்பாளத்தில் பணம் விழுந்தால் கை தானாக எழுதும். நான் எழுதினேன். எழுதியதைப் பார்த்து மைக்செட்காரர் அறிவித்தார். அறிவிப்பைக் கேட்டு, தன் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களிடம் மொய் வாங்கியிருந்த ரஞ்சன்குடிக்காரர் ஒருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். பிறகு நால்வர். பத்து நிமிடத்தில் ஆறு மொய் விழுந்தது. ஒரே நோட்டில் இடப்பக்கம் பரிசு போகிறது, வலப்பக்கம் மொய் வருகிறது.

"சாப்பாடு எங்கங்க?" என்று ஒருவர் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. நண்பரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"ஏன், எம் பணம் செல்லாதா?" என்றார். மொய்யைத் திருப்பிக் கொடுப்பதைவிட அடிப்பது மேல். விட்டுவிட்டேன். என் மனைவி உள்ளே ஓடி ஆறு பேருக்கும் உப்புமா கிண்டினார்.

ஐந்தாம் வாரப் பரிசு முடிந்தபோது ஏழாயிரத்து ஐந்நூறும் தீர்ந்திருந்தது. தம்பி என் காதருகே குனிந்தார்.

"சார், பாக்கி தர வேண்டியவரு போனையே எடுக்க மாட்டேங்குறாரு."

என் பையில் முந்நூற்று நாற்பது ரூபாய். பென்ஷன் வர இன்னும் ஐந்து நாள். மைக்செட்காரர் அதற்குள் "ஆறாவது வாரம், முதல் பரிசு!" என்று சொல்லிவிட்டார். லாரிக்காரர் பந்தக்காலை விட்டு நிமிர்ந்து, கையை நீட்டியபடி வந்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தம்பியின் உதடு திறந்தது. திங்கட்கிழமை என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தாம்பாளத்தில் ஆயிரத்து அறுநூற்று ஆறு ரூபாய் இருந்தது. ஆனால் அது மொய்க் கணக்கு. ஒரு கணக்கின் பணத்தை இன்னொரு கணக்கில் எடுக்கக்கூடாது என்று எத்தனையோ சங்கங்களுக்குச் சிவப்பு மையில் குறிப்பு எழுதியவன் நான். கை வரவில்லை.

"என்னா முழிக்கிறீங்க?" என்றார் மனைவி, உப்புமாக் கரண்டியோடு. "மொய் நமக்குத்தான வெச்சாங்க? நம்ம பணம். பாய்க்குக் கைமாத்தா குடுங்க."

கைமாற்று என்று ஒரு வரி எழுதினேன். அதன்பின் கை வந்தது. ஆயிரத்து ஒன்றை எடுத்து லாரிக்காரர் கையில் வைத்தேன். இரண்டாம் பரிசு ஐந்நூற்று ஒன்று, பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர் ஒருவருக்குப் போனது.

லாரிக்காரர் இந்த முறை எண்ணவில்லை. சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மைக்செட்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"ஊரு சனங்களுக்கு ஒரு அறிவிப்பு. பாய் கடையில திங்கக்கிழமை வந்துருச்சுங்கோ! ஞாயித்துக்கிழமையே வந்துருச்சு!"

டீக்கடையில் விசில் அடித்தார்கள். அவர் அங்கேயே கடைக்குள் போய், மகளுக்கு எந்தப் போன் என்று கேட்டு, இரண்டாயிரம் அட்வான்ஸ் வைத்தார். அவருக்குப் பின்னால் இருவர் நின்றார்கள். பொங்கலுக்குள் முப்பத்தேழு அட்வான்ஸ் வந்தது. தம்பி ஷார்ஜா பேச்சை எடுக்கவில்லை. போட்டி முடிகிறவரை பரிசு ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வாசலிலேயே, கையோடு கையாகக் கொடுக்கப்பட்டது. மைக் இல்லாமல்தான். நான் அந்தப் பருவத்தை நூற்று இருபத்தாறாம் இடத்தில் முடித்தேன். முன்னேற்றம்தான்.

தம்பி கைமாற்றை ஜனவரி ஐந்தாம் தேதி வாடகையோடு கொடுத்துவிட்டார். மொய் மட்டும் என் பேரில் நின்றது. "போட்டி என்னுது சார், ஆனா நோட்டுல கையெழுத்து உங்களுது" என்று சிரித்தார். வாங்கிய மொய்யைக் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைத்தாக வேண்டும். ஆண்டிமடத்தில் வளைகாப்பு, ரஞ்சன்குடியில் புதுமனை, திருமானூரில் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகப் போய் வந்தோம். எல்லா இடத்திலும் நல்ல சாப்பாடு. எல்லா இடத்திலும் பேரன் காது ஆறிவிட்டதா என்று கேட்டார்கள். சென்ற மாதம் ஆறாவதும் முடிந்தது.

கணக்கை இப்போதுதான் மூடினேன். ஆறு விசேஷங்களிலும் கூட்டி வைத்த மொய் அறுநூறு. பஸ் கட்டணம் நானூற்று முப்பத்தெட்டு. டவுன் பஸ் வந்த நாட்களில் மனைவிக்கு டிக்கெட் இல்லை. திருமானூர் மண்டபத்தில் விட்டுவிட்டு வந்த குடை இருநூற்று எண்பது. மைக்செட் ஆயிரத்து ஐந்நூறு. ஆக மொத்தம், இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினெட்டு ரூபாய்.