மாஸ்டரின் கடைவாய்ப் பல்

அந்தப் பல் லேப்பில் எல்லோருக்கும் அவள் பாலிஷ் அக்கா. அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் முதலாளியே கொஞ்சம் யோசிப்பார். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், பிளாஸ்டர்காரர் அதில் மாவு ஊற்றிப் பல்லின் அச்சை எடுப்பார், உலைக்காரர் உலோகத்தை உருக்கி அந்த அச்சுக்கேற்ற கேப்பை, பல்லுக்கு மேல் மாட்டும் உறையை, வார்ப்பார். உலையிலிருந்து வரும் கோலத்தில் அதை ஒருவரும் வாயில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்க மாட்டார்கள். கறுத்துப் போய், சொரசொரவென்று, தலையில் காம்பு வேறு நீட்டிக்கொண்டு நிற்கும். காம்பை வெட்டி, உட்புறம் ஒட்டியிருக்கும் பொடி உலோக மணிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிச் சுரண்டி, அச்சில் பொருத்திப் பார்த்து, கல், ரப்பர், கம்பளி என்று சக்கரம் மாற்றி மாற்றித் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்குவது அவள் வேலை. ஜன்னலோரம் இருக்கும் அந்த மேசைக்காக அவள் பல வருஷம் மாவு கரைத்திருக்கிறாள். அதை விட்டுக்கொடுக்கச் சொன்னால் உயிரைக் கேட்ட மாதிரி.

கை அவ்வளவு பொறுமை. வாய்க்குத்தான் பொறுமை என்றால் என்னவென்றே தெரியாது. அந்த மாதம் இரண்டு கேப்கள் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தன. இரண்டு தடவையும் அவள் நேராகப் போய் நின்ற இடம் பிளாஸ்டர்காரரின் தொட்டி. மாவைத் தண்ணீராகக் கரைத்தால் அச்சு எப்படிச் சரியாக வரும், நீ ஊற்றுவது மாவா மோரா என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்தைக் கழுவினார். முதலாளி சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது எல்லோருக்கும் உறைத்தது. இந்த மாதம் இன்னொன்று திரும்பி வந்தால் பாலிஷ் மேசையைப் பிளாஸ்டர்காரரிடம் கொடுத்துவிடுவேன், அக்கா மறுபடி மாவுப் பக்கம் போகட்டும் என்றார்.

"என் வேலையில குத்தம் இல்ல சார். என் கையால தேய்ச்ச கேப் என் வீட்டுக்காரர் வாயிலயே இருக்கு. மூணு மாசமாச்சு. ஒரு குறை சொல்லச் சொல்லுங்க பாப்போம்." உலைக்காரர், பிளாஸ்டர்காரர், பொட்டலம் கொண்டுபோகிறவர் என்று எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள்.

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போவதுதான் பிழைப்பு. அப்படிக் கடித்துக் கடித்தே கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்தது. டாக்டர் வேரைச் சுத்தம் செய்து, பல்லைச் சுற்றிலும் செதுக்கி, நிஜ கேப் வரும்வரைக்கும் மேலே தற்காலிகமாக ஒரு மூடியை ஒட்டி அனுப்பினார். அளவு இவர்கள் லேப்புக்குத்தான் வந்தது. அட்டையில் நம்பர் மட்டும்தான் இருக்கும், ஆனால் அவளுக்குத் தெரியாதா? வேறு யாருக்கும் காட்டாத பக்குவத்தை அந்த ஒரு கேப்புக்குக் காட்டினாள். கம்பளிச் சக்கரத்தில் வைத்து எடுத்து, மறுபடி வைத்து எடுத்து, போதாது என்று துணியால் வேறு துடைத்தாள். கிளினிக்குக்கு அனுப்பிய மறுநாளிலிருந்து தினமும் ஒரே கேள்வி, எப்படி இருக்கு. அவரும் நல்லா இருக்கு என்றார். எங்கே காட்டுங்கள் என்றால், லேப்பை லேப்பிலேயே விட்டுவிட்டு வரக் கூடாதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். சரி, ஆம்பிளைக்கு ஒரு கூச்சம் என்று இவளும் விட்டுவிட்டாள். ஊரான் பல்லையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள், கட்டினவர் வாய்க்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

அப்படிச் சொன்ன இரண்டாம் நாள் மத்தியானம் பொட்டலக்காரர் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து முதலாளி முன்னால் வைத்தார். மூன்றாவது ரிட்டர்ன். முதலாளி டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னார். நோயாளி இவ்வளவு நாள் கழித்து நேற்றுத்தான் வந்திருக்கிறார். கேப் பாதிகூட இறங்கவில்லை. தற்காலிக மூடி நேற்று வரைக்கும் பல்லில் இருந்ததாம். அப்படியானால் பல் நகர்ந்திருக்க வழியில்லை, கேப்தான் தப்பு. அவள் டப்பாவைத் திறந்தாள். நம்பரைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அப்படியொரு பளபளப்பை அவள் ஜென்மத்தில் ஒன்றுக்குத்தான் கொடுத்திருந்தாள்.

அலமாரியில் இருந்த பழைய அச்சை எடுத்து அதில் கேப்பை வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. முதலாளி அதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

"அச்சைச் சுரண்டிட்டு உக்கார வெச்சா எந்த கேப்பும் உக்காரும்மா" என்றார்.

அந்தத் தொழிலில் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. கேப் இறங்காவிட்டால் கேப்பைச் சரி செய்யாமல் மாவு அச்சைச் சுரண்டிவிட்டு, பார் பொருந்துகிறது என்று காட்டுவது சோம்பேறிகளின் வேலை. அவள் ஒரு நாளும் செய்ததில்லை. ஆனால் இப்போது என்ன சொல்ல முடியும்? இது என் வீட்டுக்காரர் கேப், அவர் பொய் சொல்கிறார் என்று சொன்னால் மேசை மிஞ்சும். ஆனால் மூன்று மாசமாக வாயில் இருக்கிறது என்று இரண்டு நாள் முன்னால் இதே இடத்தில் நின்று பீற்றிக்கொண்ட மானம் கப்பலேறும். பிளாஸ்டர்காரரும் கையில் மாவோடு இவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல், ஒரு மணி நேரம் வெளியே போய் வருகிறேன் சார் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டிரைவிங் ஸ்கூல் வண்டி மைதானத்தின் ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. தையற்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். வண்டி திருப்பத்தில் நின்ற சமயம் பார்த்து இவள் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். மாஸ்டர் திரும்பிப் பார்த்து, என்ன இந்த நேரத்தில் என்றார்.

"வாயத் திறங்க."

தையற்கார அம்மா நடுங்கிப்போய்த் தன் வாயைத் திறந்தார். உங்களை இல்லம்மா, நீங்கள் ரோட்டைப் பாருங்கள் என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, அவள் இன்னொரு தடவை சொன்னாள். மாஸ்டர் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்றார், வெயில் அதிகம் என்றார், சாயங்காலம் பேசலாமே என்றார். டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டியதும் பேச்சு நின்றது. வாயைத் திறந்தார். கேப் இருக்க வேண்டிய இடத்தில் செதுக்கிய பல் மொட்டையாக, பழுப்பேறி நின்றது. பக்கத்துப் பல் அதன் மேல் சாய்ந்து, கூட்டத்தில் இடம் பிடிக்கிறவன் மாதிரி இடுப்பை நுழைத்திருந்தது.

"மூடி எப்போ விழுந்துச்சு?"

"மொத வாரமே. சாப்பிடறப்போ முழுங்கிட்டேன் போல."

"டாக்டர்கிட்ட நேத்துதான் விழுந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"திட்டுவாரேன்னுதான்."

ஊசி என்றாலே பயமாம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டாராம். கிளினிக்கிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லையாம். கடைசியில் பல்லின் விளிம்பு நாக்கை அறுக்க ஆரம்பித்த பிறகுதான், வேறு வழியில்லாமல் போனாராம். பயப்படாதீர்கள், பயப்படாதீர்கள் என்று நாள் முழுக்க ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிற மனுஷன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரிடம் சொன்னது போகட்டும், என்னிடம் எதற்குப் பொய் என்று கேட்டாள்.

"நீ தினமும் ஆசையா கேட்டே. ஒரு தடவ நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

அவளுக்கு எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. உங்கள் ஒரு பொய்யால் என் மேசை போகப் போகிறது என்று சொன்னாள். அது அவருக்கு அதுவரை தெரியாது. கேப் சரியில்லை என்றால் இன்னொன்று செய்வார்கள், யார் தலை உருளப் போகிறது என்று நினைத்திருக்கிறார். முகம் செத்துவிட்டது. தையற்கார அம்மாவைப் பார்த்து, அடுத்த திருப்பத்தில் இடது பக்கம் எடுங்கள், இன்றைக்கு மெயின் ரோட்டில் ஓட்டலாம் என்றார். அந்த அம்மா மனசுக்குள் யார் யாரையோ வேண்டிக்கொண்டு கிளினிக் வாசல் வரைக்கும் ஓட்டிவிட்டார்.

டாக்டர் சிடுசிடுக்கிற மனிதர் இல்லை. மாஸ்டரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, விளக்கை இழுத்து வைத்து, மூடி நேற்று எத்தனை மணிக்கு விழுந்தது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "காலைல" என்று மாஸ்டர் வாயிலிருந்து பொய் தானாக வழுக்கி விழுந்தது. சுவரோரம் நின்ற அவளுக்கு அவரை அங்கேயே உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இதையும் தானே சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டால், பிறகு அந்த மனுஷன் எதைத்தான் சொல்லுவார்? டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்ட பிறகு மாஸ்டர் கையைத் தூக்கினார். கண்ணாடி வெளியே வந்தது.

"மூணு மாசமாச்சு டாக்டர். நான்தான் வரல, மூடியும் மொத வாரமே போயிடுச்சு. கேப்ல தப்பில்ல. அத தேய்ச்சது என் வீட்டுக்காரி. அதோ நிக்கிறா."

டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார், மறுபடி வாய்க்குள் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பக்கத்துப் பல் சாய்ந்துவிட்டது, மேல் பல்லும் இறங்கியிருக்கிறது, பழைய கேப் இனிமேல் ஆகாது, புது அளவு எடுக்க வேண்டும் என்றார். அவர்கள் முன்னாலேயே முதலாளிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். முதலாளி சிரித்த சிரிப்பு போனைத் தாண்டிக் கேட்டது. அதற்காக முழுதாக இறங்கி வந்துவிடவில்லை. இதைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் முந்தைய இரண்டு அப்படியேதான் இருக்கின்றன, இந்தப் புது கேப் திரும்பி வந்தால் மேசை கைமாறும் என்று சொல்லிவிட்டார்.

லேப்புக்குத் திரும்பி, அவள் முதலில் போனது மாவுத் தொட்டிக்குத்தான். அந்த இரண்டில் தப்பு யாருடையது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது, தெரியாமல் கத்திவிட்டேன் என்று பிளாஸ்டர்காரரிடம் சொன்னாள். அவர் அனுபவித்துக் கேட்டார். இன்னொரு தடவை சொல்லுங்கள் அக்கா, மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்றார். மிஷின் ஓடவே இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். புது அளவு வந்ததும் அவர் அச்சை நிதானமாக, குமிழி விழாமல் ஊற்றிக் கொடுத்தார். தன் பழைய கேப்பை அவள் கையாலேயே கழிவு உலோக டப்பாவில் போட்டாள்.

புது கேப்பை மற்ற எல்லாக் கேப்பையும் போலத் தேய்த்தாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த முறை கூடவே போனாள். டாக்டர் பொருத்தி அழுத்தினார். கேப் இறங்கி உட்கார்ந்தது. கடிக்கச் சொல்லிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒட்டுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி அது, ஒட்டிய பிறகு குறை சொன்னால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

"பிரமாதமா இருக்கு டாக்டர்" என்று மாஸ்டர் உடனே சொன்னார். சொல்லிவிட்டு, வேலை முடிந்ததா என்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

அந்தப் பார்வையிலேயே குட்டு உடைந்துவிட்டது. மேசையைக் காப்பாற்றுகிறாராம். நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, காலம் முழுக்க இன்னொரு பக்கமாகவே மென்று தின்றாவது காப்பாற்றுவாராம். அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எனக்காகச் சொல்லாதீங்க. மேச போனா போகட்டும், நான் மாவு கரைச்சுக்கிறேன். எனக்கு நெசத்தச் சொல்லுங்க."

மாஸ்டர் மறுபடி கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அசைத்துக் கடித்தார். டாக்டர் காத்திருந்தார். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பின்னாடி கொஞ்சம் இடிக்குது" என்றார் அவர், தப்பு செய்தவர் மாதிரி.

டாக்டர் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். கேப்பின் பின்மூலையில் கடுகளவு நீலம் பதிந்தது. இது எல்லாக் கேப்பிலும் இருக்கிறதுதான், இதற்குப் போய் லேப்புக்கு அனுப்புவார்களா என்று சொல்லி, கேப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, பக்கத்து அறையில் இருந்த தேய்க்கிற மோட்டாரைக் காட்டினார். அவள் அந்தப் புள்ளியைத் தேய்த்தாள், ரப்பர் சக்கரத்தில் ஒரு சுற்று விட்டாள், கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கடித்தார். இப்போது எப்படி என்று டாக்டர் கேட்டார். மாஸ்டர் டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை.

"இப்போ சரியா இருக்கு" என்று அவளிடம் சொன்னார். அவள் நம்பினாள்.