முனிராஜ் மாற்றிய பிளேயர்

நல்லம்பள்ளிப் பக்கத்தில் முனிராஜின் மைக் செட் போகாத காதுகுத்து கிடையாது. ஆள் மட்டும் கொஞ்சம் கிறுக்கு. மற்றவர்கள் பாட்டு ஓடினால் போதும் என்று பீடி பற்ற வைத்துக்கொள்வார்கள். இவன், லேப்டாப்பில் எந்த பிளேயரில் போட்டால் தவில் தனியாகக் கேட்கிறது, எதில் போட்டால் கொழகொழவென்று வருகிறது என்று வீட்டில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பான்.

“அதே பாட்டுதான ஓடுது, இதுல இன்னாத்த புதுசா கண்டீங்க?” என்பாள் அவன் மனைவி மணிமேகலை. கட்டிக்கொண்ட நாள் முதல் அவளுக்கு இந்த ரோதனை.

இப்பேர்ப்பட்டவன் தடுமாறியது சோற்றால்தான். கல்யாண வீட்டில் பழைய பாட்டு முனகும், அடுத்து வரும் புதுப்பாட்டு காதைக் கிழிக்கும். கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து, இவன் பந்திக்குப் போகும்போது கறி தீர்ந்து ரசம்தான் இருக்கும். தர்மபுரியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் புது பிளேயர் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும், பெரிய சத்தத்தை அமுக்கிவிடும், எல்லாம் ஒரே மட்டத்தில் ஓடும். கல்யாணப் பாட்டுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. முனிராஜ் முதல் பந்தியில் உட்கார்ந்தான். அதன் பிறகு பழைய பிளேயரைத் திறக்கவே இல்லை.

மாரியம்மன் தீமிதி வந்தது. சுற்றுவட்டாரம் பூராவும் ஒரே வாரத்தில் திருவிழா என்பதால் பம்பை மேளம் அடிப்பவர்கள் அகப்பட மாட்டார்கள். முன்னொரு வருஷம் முனிராஜ் பதிவு செய்து வைத்த பம்பையைத்தான் போடுவது. அதைக் கேட்டுத்தான் கரகம் எடுக்கும் தீர்த்தம்மாளுக்கு அருள் வரும். அவள் தீயில் இறங்கிய பிறகே மற்றவர்கள் இறங்கலாம்.

காலையில் பஸ் ஸ்டாப்புக் கம்பத்தில் ஹாரன் ஸ்பீக்கர் கட்டும்போது, கீழே தீர்த்தம்மாளின் மகள் ரேவதி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டதிலிருந்து ஊருக்குள் அவளுக்கு இடமில்லை.

“இங்கியே உக்காந்துட்டா எப்படிம்மா?”

“பம்பை இங்க வரைக்கும் கேக்குங்கண்ணா. அது போதும்.”

முனிராஜ் ஹாரனை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பிக் கட்டினான்.

சாயங்காலம் தீ தணலாகிவிட்டது. தீர்த்தம்மாள் கரகத்தோடு நின்றாள். பம்பை ஓடியது. அருள் வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து போட்டான். அவள் கண்ணை மூடி நின்றாளே தவிர, உடம்பில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

“பொண்ணு அப்படிப் போனா அம்மன் எப்படி எறங்குவா?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கிளம்பியது. அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஊர்ப் பெரியவரான கவுண்டர் மாது முன்னால் வந்தார்.

“கரகத்த எறக்கும்மா. வேற யாருக்காச்சும் குடுத்துப் பாக்கலாம்.”

தீர்த்தம்மாளின் உதடு கோணியது. கை மெல்லக் கரகத்துக்குப் போனது.

அப்போதுதான் முனிராஜ், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைப் பார்த்தான். பம்பை அடி ஏற ஏற ஒவ்வொன்றாக மேலே எரிய வேண்டிய விளக்குகள், முதலிலிருந்து ஒரே இடத்தில் நின்றன. பொடிப்பொடியாக ஆரம்பித்து இடியாக ஏறுகிற அடி அது. அந்த ஏற்றத்தையே பிளேயர் விழுங்கிவிட்டிருந்தது. அடப்பாவி, நானா இந்த வேலையைச் செய்தேன்? வாயைத் திறந்தால் இந்த ஊர் ஆர்டர் போய்விடும். சேதி பரவினால் மற்ற ஊர்களும் போகும். ஆனால் கரகம் பாதி இறங்கிவிட்டது.

மைக்கை எடுத்தான்.

“கரகத்த எறக்காதீங்க! தப்பு அந்தம்மா மேல இல்லீங்க, என் மேல. நான் பிளேயர மாத்திட்டேன். அதுல பம்பை ஏறவே இல்ல.”

“யோவ், சாமிக்கும் உன் கம்ப்யூட்டருக்கும் இன்னாய்யா சம்பந்தம்?” என்று மாது கத்தினார்.

“ஒரு தரம் போடறங்க கவுண்டரே. அப்பறமா என்ன வெட்டிப் போடுங்க.”

பழைய பிளேயரைத் திறந்தான். அவசரத்தில் தப்பாக வேறெதையோ அமுக்கி, பிறகு சரியாகப் போட்டான். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை என்று தோன்றும் அளவுக்கு மெல்லிசாக வந்தது. கூட்டம் தானாகவே வாயை மூடியது. அடி நெருங்கியது, ஏறியது, கடைசியில் நெஞ்சுக்குள் வந்து இடித்தது. தீர்த்தம்மாளின் தோள் ஆடியது. கால் ஆடியது. அவள் போட்ட கூச்சலில் குழந்தைகள் அழுதன.

அம்மன் வாக்கு எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று மைக்கை நீட்டுவது வழக்கம். முனிராஜ் ஓடிப்போய் நீட்டினான்.

“எம் மவ ரேவதி எங்கடா? அவ கையால தண்ணி வாங்காம தீயில எறங்க மாட்டேன்!”

மாது கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தார். கூட்டிவர ஆள் அனுப்புகிறேன் தாயே என்றார். அந்த ஆள் கிளம்பக்கூட இல்லை. ரேவதி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது.

முனிராஜ் மைக்கை அணைக்க மறந்துவிட்டான். அவன் அழுதது ஊரில் இருந்த எல்லா ஹாரனிலும் கேட்டது.