டைனோசருக்குப் பல் கட்டியவர்

என் அக்காவின் கணவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். இதைச் சொன்னவுடன் எங்கள் குடும்பத்தில் யாராக இருந்தாலும் என்னைப் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள். அத்தான் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, அக்காவை ஒரு சொல் கடிந்து பேசியதும் கிடையாது. ஆனால் கதைகளில் டிராகன் என்று ஒன்று வருகிறதல்லவா, அது கதையே இல்லை, அந்தக் காலத்து மனிதர்கள் உயிரோடு பார்த்த டைனோசர்தான் என்று அவருக்கு ஒரு முடிவு. உலகத்தில் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளும்வரை வாயை மூடப் போவதில்லை என்பது இன்னொரு முடிவு.

எங்கள் தொழில் பல்செட் செய்வது. மாடியில் பல் டாக்டர், கீழே நாங்கள். டாக்டர் வாயில் அச்சு எடுத்துக் கீழே அனுப்புவார். நாங்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறு போல மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அக்ரிலிக்கை அடைத்து வேகவைப்போம். பல் நடுவது அத்தான். தேய்த்துப் பளபளப்பாக்குவது நான். அறையில் எப்போதும் உருகிய மெழுகின் வாசனை, எங்கே கை வைத்தாலும் பிளாஸ்டர் தூசி, என் மோட்டாரின் இரைச்சல். அந்த இரைச்சலையும் தாண்டி அத்தானின் குரல் கேட்கும்.

ஒருவரை ஒருவர் பார்த்தே இராத நாடுகளில் எல்லோரும் ஒரே மிருகத்தை எப்படி வரைந்தார்கள் என்று கேட்பார். செதில், நீள வால், வளைந்த நகம், வாய் நிறையப் பல். கடிதம் போட்டுப் பேசி வைத்துக்கொண்டார்களா? பார்த்திருக்கிறான், வரைந்திருக்கிறான், அவ்வளவுதான் விஷயம் என்பார். எனக்குக் காது புளித்துப்போன வாதம் இது. ஒருநாள் பொறுக்க முடியாமல், சரி அத்தான், டைனோசர் நெருப்பு கக்குமா, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இதற்காகவே காத்திருந்தவர் போல என் பக்கம் திரும்பினார்.

“அது வாய் நாத்தம், மாப்ளே. பல்லிடுக்குல மாமிசம் மாட்டி அழுகிக் கிடக்கு. வாய் கொப்பளிக்குமா அது? அந்தக் காத்து நேரா மூஞ்சில அடிச்சா எரியத்தான் செய்யும். பயத்துல ஓடி வந்தவன் நெருப்புன்னு சொல்லிட்டான்.”

அன்று முழுக்க என் மோட்டாரை அணைக்காமலே வேலை பார்த்தேன்.

என்னிடம் மட்டும் சொன்னால் தலையெழுத்து என்று விடலாம். பல் நிறம் பார்க்கக் கீழே வந்து உட்காருகிற நோயாளிகளிடம் சொல்வார். பல்லில்லாத மனிதர்கள், பாவம், சட்டென்று மறுத்துப் பேசவும் முடியாது. அக்காவுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்த சர்ஜனிடம் ஊர்வன வகையின் பித்தப்பை பற்றிக் கேட்டார். பக்கத்து வீட்டில் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், இறந்தவர் அந்தக் காலத்து மனிதர் என்று யாரோ சொல்லப்போக, அந்தக் காலம் என்றால் எந்தக் காலம் என்று ஆரம்பித்துவிட்டார். அக்கா அவர் தொடையைக் கிள்ளிக் கிள்ளியே கை நகம் உடைந்துவிட்டது என்பாள்.

இவருக்குப் பிறந்த பெண்தான் இவருக்கு எதிர்க்கட்சி. ஒரே மகள், கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறாள், வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் பெயர். சின்ன வயதில் அப்பாவின் கதைகளை வாயைப் பிளந்து கேட்டவள். அப்படிக் கேட்டதாலேயே கல்லும் எலும்பும் பற்றிப் படிக்கப் போனாள், படித்து முடித்தபோது கதை தலைகீழாகிவிட்டது. நகரத்து அருங்காட்சியகத்தில் எலும்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அதுவும் தற்காலிகம்தான். கடைசி டைனோசர் செத்து ஆறரைக் கோடி வருடம் கழித்துத்தானப்பா நாமெல்லாம் வந்தோம் என்பாள். நீ கூட இருந்து எண்ணினாயா என்பார் இவர். நீங்கள் கூட இருந்து பார்த்தீர்களா என்பாள் அவள். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். போகப் போக அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பாப்பா சாப்பிட வருகிறாள் என்றாகிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு பந்தி.

இந்த நிலைமையில்தான் அருங்காட்சியகத்தில் நிரந்தர இடம் ஒன்று வந்தது. அது கிடைக்காவிட்டால் பாப்பாவுக்கு வேறு நாட்டில் ஒரு வேலை தயாராக இருந்தது. போனால் வருடத்துக்கு ஒருமுறை முகம் பார்த்தால் அதிகம். அக்கா இதை நினைத்து அழுதாள். அத்தான் அழவில்லை, ஆனால் மெழுகில் முன்பல்லைத் தலைகீழாக நட்டுவிட்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தார். அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்பது ஒன்றில்தான் அந்த வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி.

இடத்துக்குப் போட்டியிடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு நாள் பொதுமக்கள் முன்னால் பேச வேண்டும், அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். தலைப்பை அருங்காட்சியகத் தலைவி கொடுப்பார். பாப்பாவுக்கு வந்த தலைப்பு, டிராகன் கதைகள் டைனோசரை நேரில் பார்த்தவர்கள் சொன்னவையா என்பது. வருகிறவர்கள் எல்லாம் இதைக் கேட்டு உயிரை எடுக்கிறார்களாம், அதனால் அந்தத் தலைப்பாம். உலகத்தில் வேறு தலைப்பே கிடைக்கவில்லை பாருங்கள்.

பாப்பா எங்கள் அறைக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அருங்காட்சியகத்தில் ஒரு கை நீளத்துக்கு ஒரு டைனோசர் தாடை இருக்கிறது. மாமிசம் தின்கிற ஜாதி. கண்ணாடிப் பெட்டியை விட்டு அதை வெளியே எடுக்கக் கூடாது. ஆனால் மேடையில் கையில் பிடித்துத் திறந்து மூடிக் காட்ட அவளுக்கு ஒரு நகல் வேண்டும். எலும்புக்கும் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக ரப்பர் அச்சு கொண்டுவந்திருந்தாள். வார்த்தெடுத்து, பற்களை நட்டு, மேலும் கீழும் சேர்த்துக் கீல் போட்டுக் கொடுத்தால் போதும். கேட்கும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. அப்பாவிடம் வந்து கேட்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்.

“செஞ்சு குடுங்கப்பா. ஆனா அன்னிக்கு நீங்க வாயத் திறக்கக் கூடாது. கேள்வி கேக்கற நேரத்துல கைகூடத் தூக்கக் கூடாது. இது என் பொழப்பு.”

அத்தான் ரொம்ப நேரம் அந்த அச்சுகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நான் எதற்கு வாயைத் திறக்கப் போகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதுதான் ஆச்சரியம். அந்த நாட்களில் டிராகன் என்ற பேச்சே அறையில் எழவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். உடம்புக்கு ஏதாவதோ என்று பயமாகத்தான் இருந்தது. மனிதர்களின் பல்செட்டெல்லாம் ஒரு மூலையில் தேங்க, டாக்டர் மாடியிலிருந்து சத்தம் போட, இவர் அந்தத் தாடையோடு குடித்தனம் நடத்தினார். நட்ட பல்லைப் பிடுங்கி மறுபடி நட்டார். ராவினார், மூடிப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், மறுபடி ராவினார். பேச்சு நாள் காலைவரை என்னிடம் மெருகு போடக்கூடக் கொடுக்கவில்லை. கடைசியில் கொடுத்தபோது நான் திறந்து மூடிப் பார்த்தேன். ஒரு பல் விடாமல் அத்தனையும் ஒன்றோடொன்று உட்கார்ந்தன. நல்ல கடி அத்தான் என்றேன். எங்கள் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

மெருகு போட நேரமில்லை. அதை அப்படியே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு மூவரும் நேரே அரங்கத்துக்குப் போனோம். கூட்டம் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. பாப்பா துணியைப் பிரிக்கக்கூட நேரமில்லாமல் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு மேடை ஏறினாள். முன்வரிசையில் அருங்காட்சியகத் தலைவி, மூக்கு நுனியில் கண்ணாடி. நாங்கள் நடுவரிசையில் உட்கார்ந்தோம், அத்தானை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் அக்காவும் நானும், கைதியை அழைத்துவந்த மாதிரி.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு தாடையை எடுத்து உயரப் பிடித்துத் திறந்தாள். மூடினாள். டக் என்று சத்தம் கேட்டது.

பாப்பா பேச்சை நிறுத்திவிட்டாள். மறுபடி திறந்து உள்ளே பார்த்தாள். முகம் வெளுத்தது. எங்கேயோ தப்பு என்று எனக்குத் தெரிந்தது, என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. பின்னால் அவளே சொன்ன பிறகுதான் விளங்கியது. அந்த மிருகத்துக்கு ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு பல் நீளம், ஒன்று பாதி, ஒன்று அப்போதுதான் எட்டிப்பார்க்கும். மேல் வரிசை கீழ் வரிசைக்கு வெளிப்பக்கமாக இறங்கும், நுனியோடு நுனி முட்டவே முட்டாது. அறுத்து விழுங்குகிற வாய் அது. எங்கள் அத்தான் என்ன செய்திருக்கிறார் என்றால், நீளமானதையெல்லாம் ராவி, குட்டையானதையெல்லாம் வெளியே இழுத்து, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கி, மேலும் கீழும் பொருந்தக் கடி சேர்த்துவிட்டார். போதாக்குறைக்குப் பல் நுனிகளில் நீலப் புள்ளிகள். பல்செட்டைச் சோதிக்க நடுவில் ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்க விடுவோம், எங்கே மை ஒட்டுகிறதோ அங்கே ராவுவோம். டைனோசரையும் நீலத் தாளைக் கடிக்க வைத்திருக்கிறார் மனிதர்.

வாயைக் கட்டினோம், கையைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. யாரோ பின்னால் சிரித்தார்கள். தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். அத்தான் என் காதருகே வந்து, என்ன ஆச்சு, கீல் இறுகிவிட்டதா என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அவரைத் தூக்கிப் போட்டு மிதித்திருப்பேன். பாப்பா வெளிநாடு போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

பாப்பா நிமிர்ந்தாள்.

“இதைச் செஞ்சவர் எங்கப்பா. பல்செட் செய்யறவர். நான் அவர்கிட்டக் குடுத்தது நிஜ எலும்போட அச்சு, நிஜப் பல்லோட அச்சு. பொய்யா எதையும் சேக்கணும்னு அவர் நினைக்கல. ஆனா அவர் கைக்குப் பழக்கமான வாய் மனுஷ வாய். அதான் இதுலயும் வந்திருக்கு.”

பிறகு அவள் பேச்சு தாளில் எழுதி வைத்திருந்ததை விட்டு வேறு எங்கேயோ போனது. எந்தக் காலத்திலோ ஒருவன் கிணறு வெட்டும்போது இப்படி ஒரு தாடை அகப்பட்டிருக்கலாம் என்றாள். அதன் சொந்தக்கார மிருகத்தை அவன் பார்த்ததில்லை. பாம்பைப் பார்த்திருக்கிறான், முதலையைப் பார்த்திருக்கிறான், கழுகைப் பார்த்திருக்கிறான். குறைந்ததையெல்லாம் தெரிந்ததை வைத்து நிரப்பியிருப்பான். எல்லா டிராகன் கதையும் இப்படித்தான் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை, சில வந்திருக்கலாம். ஆனால் கதை பிறக்க உயிரோடு பார்த்திருக்கத் தேவையே இல்லை, எலும்பும் ஒரு நல்ல கைவேலைக்காரரும் போதும் என்றாள். “ஒரு டிராகன் எப்படி உண்டாகுதுன்னு நீங்க இப்பப் பாத்துட்டீங்க” என்று சொல்லித் தாடையைக் கூட்டத்துக்குள் அனுப்பினாள். ஆளாளுக்கு வாங்கி டக் டக் என்று மூடிப் பார்த்தார்கள். தலைவி இரண்டு தடவை மூடிப் பார்த்தார்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், வேலை பாப்பாவுக்குத்தான் கிடைத்தது. அந்தத் தாடைதான் வாங்கிக் கொடுத்தது என்று அக்கா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது, கூட்டமும் முடிந்திருக்கவில்லை. கேள்வி நேரம் வந்தது. அத்தானின் கை மேலே போனது.

அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் முழங்கையைப் பிடித்து அமுக்கினேன். பாப்பா பார்த்துவிட்டாள், வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். அதற்குள் தலைவி, அப்பா கேட்கட்டுமே என்று சிரித்தபடி சொல்லிவிட்டார். அத்தான் எழுந்தார். கடிதப் போக்குவரத்து, வாய் நாற்றம், சர்ஜன் என்று எல்லாம் வரப் போகிறது, கையில் கிடைத்ததைக் கெடுக்கப் போகிறார் என்று நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

“அவ்வளவு பெரிய உசுரு பாப்பா. எத்தனையோ கோடி வருஷம் நடந்திருக்கு, தின்னிருக்கு, குஞ்சு பொரிச்சிருக்கு. ஒருத்தர் கண்ணுலகூடப் படாமயே போயிடுச்சா?”

யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடமாக அவர் சொல்ல வந்தது இதைத்தானா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாப்பாவின் முகத்தில் எப்போதும் அப்பாவோடு பேசும்போது இருக்கிற விறைப்பு இல்லை.

“ஆமாப்பா. யாருமே பாக்கல.”

அத்தான், “சரி” என்று சொல்லி உட்கார்ந்தார்.

அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைக்க இந்தக் குடும்பத்தில் யாரும் படாத பாடு இல்லை, நானும் சேர்த்துத்தான். கடைசியில் அது வந்தபோது அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவருக்காக எழுந்து போய்ப் பாப்பாவோடு சண்டை போட வேண்டும் போல இருந்தது.