மஸ்கெலியாவில் பிளேன்டீ ஆறிய நேரம்

போன டிசம்பரில் மலையகத்து மஸ்கெலியா போனது சுற்றிப் பார்க்க அல்ல, பெருமையடிக்க. மகள் கேம்பஸில் சவுக்காரத்தை, அதாவது சோப்பை, வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். “சவுக்காரம் கரைக்கவா அவ்வளவு படிச்சா?” என்று என் அக்கா தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பேசிவிட்டிருந்தாள். அந்த வாயை அடைக்க, கோயில் மண்டபத்தில் செய்துகாட்டல். நாளைக் குறித்தது நான். மகளுக்குச் சொன்னது அப்புறம்தான்.

ஹட்டனிலிருந்து பஸ், இருபது கிலோமீட்டருக்கு ஒரு மணித்தியாலம். ஜன்னலோரம் பிடித்தால் நீர்த்தேக்கம் தெரியும். எனக்குத் தெரியவில்லை, குளிராமலிருக்கக் கக்கத்தில் அடக்கிய குப்பியிலேயே கண். உள்ளே திரவப் பளிங்கு, போன் திரைகளில் இருக்கிற சரக்கு. இருபத்திநாலு பாகைக்குக் கீழே உறையும். முப்பத்தைந்தைத் தாண்டினால் நிறம் காட்டாது. டிக்கட் சல்லியை இடது கையால் தடவி எடுத்தேன்.

“கக்கத்துல என்னங்க?” என்றார் கண்டக்டர்.

“திரவப் பளிங்குங்க.”

“மூடி இறுக்கமா இருக்கா பாத்துக்கங்க. போன வாரம் ஒருத்தரு மண்ணெண்ணெயக் கொட்டி பஸ்ஸே நாறிப் போச்சு.”

மண்டபத்தில் நுண்ணோக்கியை டிவியோடு இணைத்தாள் மகள். பளிங்கு தடவிய கண்ணாடித் தகடு குளிரக் கூடாதே என்று, நுண்ணோக்கிக்குக் கீழே, பால் விடாத கொதிக்கும் பிளேன்டீ டம்ளர் மேல் அதை வைத்தேன். டிவி கறுப்பு.

“கரண்டு போச்சா தம்பி?” என்றாள் அக்கா. மண்டபமே சிரித்தது. என் பெருமை பெஞ்சுக்கடியில் போய் ஒளிந்தது.

“டீ ஆறட்டும்ப்பா” என்றாள் மகள், குரல் மாறாமல்.

ஒரு டீ ஆறுவதற்கு இத்தனை பேர் வாய் பொத்திக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. மெல்ல மெல்ல மஞ்சளும் ஊதாவும் திரையில் பூத்தன. மகள் ஒரு சொட்டுச் சவுக்காரத் தண்ணீர் விட்டாள். நிறமெல்லாம் அணைந்தது.

“பளிங்குல படுத்திருந்த மூலக்கூறெல்லாம், காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல நிக்கிற மாதிரி எந்திரிச்சிருச்சுங்க. மேற்பரப்புல சவுக்காரம் ஒட்டினதுதான் காரணம்” என்றாள். அடுத்த சொட்டு பாலிமர். நீளச் சங்கிலி போன்ற அது சவுக்காரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டது. நின்றவை மறுபடி படுத்தன. நிறம் திரும்பியது. பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். நானில்லை, என் கை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“எந்தச் சவுக்காரம்டி அது?” என்றாள் அக்கா.

“உங்க வீட்டுக் குழாயடியில இருந்ததுதான் அத்தை.”

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம். கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள். பளிங்கு கொண்டுபோனால் டீயை ஆறவிடுங்கள். வழி தெரியாவிட்டால் லயத்தில் என் அக்காவைக் கேளுங்கள். வழி சொல்வதற்கு முன், விஞ்ஞானமே தன் சவுக்காரத்தில்தான் நடந்தது என்று சொல்வாள்.