றைஸ் குக்கருக்கு வந்த சீனிக்காரர்

கேதீஸ்வரிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறும். அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கே அது ஏறிவிட்டது.

சுன்னாகத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலையம். வாசலில் ‘நிழல் இல்லப் பராமரிப்பு நிலையம் வழங்கும் இலவச சலரோகப் பரிசோதனை’ என்று ஒரு பதாகை. உள்ளே நாற்பத்தொரு பேர் வெறும் வயிற்றோடு குந்தியிருக்கிறார்கள். சீனி பார்க்கிற மெசினும் ஊசிகளும் பஞ்சும் ஏழு மணியிலிருந்து மேசையில் தயார். ஆனால் ஒருவருடைய விரலிலும் குத்த முடியாது. ஏனென்றால் மங்கள விளக்கு ஏற்றப்படவில்லை. விளக்கேற்ற வேண்டிய பிரதம விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை.

“தம்பி, சனம் பசியிலை கிடக்குது. நான் குத்தத் தொடங்கட்டே?” என்று கேட்டாள்.

பராமரிப்பு நிலையத்தின் சொந்தக்காரன் சுபாஸ்கரன் இலண்டனிலிருந்து திரும்பி வந்தவன். நல்ல மனம். ஆனால் வந்த மூன்று வருடத்தில் ஊரின் விழா வியாதி அவனையும் பிடித்துவிட்டது.

“விளக்கு ஏத்தாமல் எப்பிடியக்கா? அவர் பாதி வழியிலை வந்திட்டாராம்.”

“அவர் எட்டு மணிக்கும் பாதி வழியிலைதான் நிண்டவர்.”

நாலு பேருக்கு முன்னால் அவனை ‘சேர்’ என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். கோபம் வந்தால் தம்பி. அன்று காலையிலிருந்து தம்பிதான்.

கேதீஸ்வரிக்கு ஐம்பத்துநாலு வயது. உடுப்பிட்டியில் பிறந்து சுன்னாகத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். தாதியல்ல; ஆறு மாதப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் வைத்திருக்கிற, சுபாஸ்கரனிடம் வேலை செய்கிற வீட்டுப் பராமரிப்பாளர். ஆனாலும் ஊர் அவளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். கிழமை நாட்களில் படுக்கையில் கிடக்கும் இரண்டு முதியவர்களைக் குளிப்பாட்டி, புரட்டி, ஊட்டிவிடுவது அவளுடைய தொழில். அந்த வீடுகளில் கமரா பூட்டியிருக்கிறது. அம்மாவின் கொண்டை சரிந்திருந்தால் பாரிஸிலிருந்து உடனே ஃபோன் வரும். அம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று இவள் எடுத்தால் அங்கே ஒருவரும் தூக்கமாட்டார்கள். இதையெல்லாம் சகித்துக்கொண்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஊருக்காக ஒதுக்கியிருந்தாள். அதற்குச் சம்பளமில்லை, கேட்கவுமில்லை.

அதற்குக் காரணம் நமசிவாயம், அவளுடைய புருஷன். சலரோகம் உள்ள சீனிக்காரர். கிளினிக் நாளுக்கு மூன்று நாள் முன்னமே சோறு, சீனி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். கிளினிக் பதிவுக் கொப்பியில் அழகான எண்களாக விழும். டொக்டர் மெச்சுவார். கேதீஸ்வரியும் பெருமையோடு அந்தக் கொப்பியை அயலுக்குக் காட்டியிருக்கிறாள். உள்ளங்காலில் புண் வந்ததை அவர் அவளுக்கே சொல்லவில்லை. காலை எடுத்தார்கள். எட்டு மாதத்தில் ஆளும் போய்விட்டார். “ஒவ்வொரு மாசமும் பாஸ் பண்ணிப் பண்ணியே செத்த மனுசன்” என்று அவள் சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று கேட்பவருக்குத் தெரியாது. அவளுக்கு அழுகைதான்.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமைகள். ஆனால் முதல் முகாமுக்கு நாலு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் வங்கிக்கு வழி கேட்க வந்தவர். மற்றவர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டால், “எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லைப் பிள்ளை” என்று படலை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற கேதீஸ்வரி வெறுத்துப்போய், “எங்கடை சனத்துக்கு ஒரு பரிசளிப்பு வைக்கோணும். அப்பதான் வருங்கள்” என்று சொல்லிவிட்டாள்.

சுபாஸ்கரன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். அடுத்த இரண்டு முகாம்களிலும் சீனியைச் சிறப்பாக வைத்திருப்பவருக்கு ஒரு றைஸ் குக்கர். சீனிக்காரருக்குச் சோறு அவிக்கிற பானை! அதை வாங்கி வந்த மனிதனுக்கு அது உறைக்கவேயில்லை.

பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பிலேயே ரியூசனுக்குக் கலைக்கிற ஊர் இது. பரிசு என்று கேட்டதும் பெரியவர்களும் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். இளைப்பாறிய ஆசிரியர் குகதாசன் மாஸ்ரர் ஓர் அட்டவணையே எழுதி விநியோகித்தார். புதனோடு சோறு நிறுத்தம். வியாழன் முழுக்கப் பாகற்காய். வெள்ளிக்கிழமை சீனிக்குப் போடும் குளிசை இரண்டு மடங்கு. இரண்டாம் முகாமில் முப்பத்தைந்து பேர் வந்தார்கள். முப்பத்தைந்து பேருக்கும் சீனியே இல்லை. கேதீஸ்வரி மெசின் பழுதென்று நினைத்துத் தன் விரலைக் குத்திப் பார்த்தாள். மெசின் சரியாகத்தான் இருந்தது.

“மாஸ்ரர், இது சோதினை இல்லை. நீங்கள் ஆரை ஏமாத்துறியள்?”

“ஆயத்தம் இல்லாமல் எப்பிடி மிஸ்ஸி வாறது?” என்று அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

பரிசை நிறுத்தும்படி சுபாஸ்கரனிடம் மன்றாடினாள். பத்திரிகைக்கு அறிவித்தாயிற்று என்றான் அவன். எல்லாவற்றுக்கும் மூலம் தன் வாய் என்பதால் அவளால் முழுமூச்சாகச் சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

இப்போது மூன்றாம் முகாம். பிரதம விருந்தினர் பத்து மணிக்கு வந்தார். விளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, பொன்னாடை. பதினொரு மணிக்குத்தான் முதல் விரலில் ஊசி ஏறியது. எல்லாம் அழகான எண்கள். கேதீஸ்வரி ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

பதினாறாவதாக பத்மாவதி வந்து உட்கார்ந்தாள். அறுபத்தெட்டு வயது, தனி ஆள், வெங்காயத் தோட்டக்காரி. வெறுங்காலோடு வரப்பில் நடக்கிற மனுஷி இன்று காலில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து போட்டிருந்தாள்.

“என்னக்கா புதுசாய்ச் சப்பாத்து?”

“மகள் ஆரணி ரொறன்ரோவாலை அனுப்பினவள். நிலம் குளிருதடி பிள்ளை.”

வெளியே முற்றத்து மணல் சித்திரை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கேதீஸ்வரி ஊசியைக் கீழே வைத்தாள். சீனிக்காரர் காலை மூடினால் அதற்கு ஒரு காரணம்தான் இருக்கும். “காலை ஒருக்கால் காட்டுங்கோ” என்றாள்.

“விரலைத்தானே பாக்க வந்தனான்! நீ விரலைப் பார்.”

தொண்ணூற்றொன்று. இரண்டு முகாம்களையும் சேர்த்துப் பார்த்தால் பத்மாவதிதான் முதலாமிடம். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கேதீஸ்வரி எழுந்து அவளைத் தடுப்பதற்குள் பின்னால் நின்ற இருபத்தைந்து பேரும் மேசையை மொய்த்துவிட்டார்கள்.

பரிசளிப்புத் தொடங்கியது. ஒலிவாங்கியில் பத்மாவதியின் பெயர். ரொறன்ரோவில் நடுச்சாமமென்றாலும் மகள் ஆரணி பார்க்கட்டும் என்று சுபாஸ்கரன் ஃபோனில் நேரடியாக வீடியோ அழைப்பும் எடுத்து வைத்திருந்தான். பத்மாவதி மேடைப் படிவரை போய் நின்றுவிட்டாள். மேடையில் விளக்கு எரிகிறது, சரஸ்வதி படம் இருக்கிறது. ஒருவரும் அங்கே செருப்போடு ஏறுவதில்லை.

“அம்மா, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மேலை வாங்கோ” என்றான் அறிவிப்பாளன்.

“வேண்டாம் தம்பி. இஞ்சையே தா.”

“பிரதம விருந்தினர் கீழை இறங்கேலாதம்மா.”

பத்மாவதி அசையவில்லை. முகம் வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கி, படிக்கட்டின் கம்பியைத் தேடியது. கேதீஸ்வரி மேசையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து அவளைக் கதிரையில் இருத்தினாள். மறுபடியும் விரலைக் குத்தினாள். நாற்பத்தேழுக்கு இறங்கிவிட்டது. பட்டினியும் இரட்டைக் குளிசையும் சேர்ந்து ஆளை விழுத்தப் பார்க்கின்றன. பிரதம விருந்தினருக்கு உடைத்து வைத்த சோடாவைப் பறித்து பத்மாவதியின் வாயில் வைத்தாள்.

“குடியுங்கோ! முழுக்கக் குடியுங்கோ!”

பிறகு அத்தனை பேருக்கும் முன்னால் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து சப்பாத்தை அவிழ்த்தாள். மஞ்சள் அப்பிய சீலைத் துணி. அதையும் அவிழ்த்தபோது முன்வரிசை முகத்தைச் சுளித்தது. பனங்கருக்குக் கீறிய காயமாம், மூன்று கிழமையாம். இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன.

“நோகேல்லையே அக்கா?”

“நொந்தால் எல்லோ தெரியும்” என்றாள் பத்மாவதி. பிறகு கெஞ்சலாக, “ஃபோனை மூடச் சொல்லு பிள்ளை. ஆரணி பாத்தால் வீட்டைப் பூட்டிப்போட்டு என்னைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்திலை விட்டிடுவாள். பரிசு வாங்கிற படம் ஒழுங்காய்ப் போனால் அவள் ஒண்டும் கேக்கமாட்டாள் எண்டுதான்...” என்றாள்.

கேதீஸ்வரிக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது, ஆனால் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. பரிசுக்கு ஆசைப்பட்டு இந்த மனுஷி வரவில்லை. தன் வீட்டுக்குள் இருக்க விடுங்கள் என்று கேட்கத்தான் மூன்று நாள் பட்டினி கிடந்திருக்கிறாள். அதற்கொரு மேடையைப் போட்டுக் கொடுத்தது தான்தான். நமசிவாயத்துக்கு நடந்ததை அறிந்திருந்தும் போட்டுக் கொடுத்தாள்.

“தம்பி, அந்தக் குக்கரை வைச்சிட்டு ஓட்டோ ஒண்டு பிடி!” என்று கத்தினாள். பொன்னாடை போர்த்திய பிரதம விருந்தினரே வாசலுக்கு ஓடி ஓட்டோவை மறித்தார். அன்று அவர் செய்த உருப்படியான வேலை அதுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டொக்டர். கால் தப்பிவிட்டது. வாட்டுக்கு வெளியே நின்று கேதீஸ்வரியே ஆரணிக்கு ஃபோன் எடுத்தாள்.

“அம்மாவை ஏன் இன்னும் தனிய விடோணும்? இல்லத்திலை விடுறதுதானே நல்லது?” என்று ஆரணி அழுதாள்.

“பிள்ளை, உங்களுக்குப் பயந்துதான் அவ காலை ஒளிச்சவ. பேசாமல் இருங்கோ. சனிக்கிழமையள் நான் போய்ப் பாக்கிறன். நான் சொல்லுறதை மட்டும் நம்புங்கோ, படத்தை நம்பாதையுங்கோ.”

ஆரணி ஒரு வருடம் பார்ப்போம் என்றாள். கேதீஸ்வரிக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து முகாம் இல்லை, பதாகை இல்லை, விளக்கும் இல்லை. முகாமை விட்டால் நிலையத்தின் பெயர் எப்படி வெளியே தெரியும் என்று சுபாஸ்கரன் முணுமுணுத்தான். கேதீஸ்வரி கண்ணாடியை ஏற்றியதும் சரியென்றான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய், எல்லாச் சனிக்கிழமையும் அவள் சைக்கிளில் படலை படலையாகப் போனாள். எப்போது வருவாள் என்று முன்கூட்டிச் சொல்லவே மாட்டாள். குகதாசன் மாஸ்ரர் முதல் இரண்டு தடவையும் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். மூன்றாம் தடவை அவள் குளியலறை வாசலிலேயே கதிரை போட்டு இருந்துவிட்டாள்.

பத்மாவதி வீடு திரும்பிய பிறகு வந்த மூன்றாவது சனி. கேதீஸ்வரி காலுக்கு மருந்து கட்டி முடித்து விரலைக் குத்தினாள். மெசின் இருநூற்று முப்பத்தொன்று காட்டியது. கண்ணாடி தானாகவே நெற்றிக்கு ஏறியது. வாயில் ஏச்சு வந்து நின்றது.

பத்மாவதி அவளை முந்திக்கொண்டாள். “முந்தநாள் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இரண்டு, நேற்று ஒண்டு. இண்டைக்கு விடியவும் ஒண்டு திண்டனான். நான் பெயில்தான் பிள்ளை. ஒளிக்காமல் சொல்லுறன், எழுது.”

கேதீஸ்வரி கொப்பியைத் திறந்தாள். நமசிவாயத்தின் கொப்பி பதினொரு வருடக் கொப்பி. அதில் ஓரிடத்திலும் இப்படியொரு எண் இருந்ததில்லை. வாய்க்குள் நின்ற ஏச்சை விழுங்கினாள். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டு, 231 என்று தெளிவாக எழுதி, பக்கத்தில் நாலு மாம்பழம் என்றும் எழுதினாள்.