ஆடி முடியட்டும் என்றேன்

மேடையில் பகுத்தறிவு பேசும் நான், ஆடியில் மனை வாங்கப் பயந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரகடத்தில் தன் மனையை எனக்கு விற்கச் சம்மதித்த எஸ்தர், தொழிற்சாலை கேண்டீனில் சமைப்பவர். பத்திரப்பதிவை ஆவணிக்குத் தள்ளலாமா என்று கேட்டேன்.

“எனக்கு எல்லா மாசமும் ஒண்ணுதான் சார். உங்களுக்கோசரம் நிறுத்தி வெக்கிறேன்” என்றார். முன்பணம்கூட வாங்கவில்லை.

இரண்டே வாரத்தில், ஒரு குடோன்காரர் அந்த மனைக்கு அதிக விலை கேட்பதாகத் தரகர் சொன்னார். எஸ்தர் மாறிவிடுவார் என்று நானே முடிவுகட்டி, மணிமங்கலத்தில் வேறு மனை பார்க்கப் போனேன். எல்லைக்கல்லை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தங்கை வீட்டுக்கு வந்த எஸ்தர் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார்.

“இன்னா சார், இங்க இன்னா பண்றீங்க?”

“சும்மா... காத்து வாங்க வந்தேன்.”

“நல்லா வாங்குங்க. அந்த குடோன்காரர் கைல, மனைய வித்தாச்சுன்னு சொல்லிட்டேன்.”

எனக்கு வியர்த்தது. வெயில் காரணமல்ல.

ஆவணியில், எஸ்தர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எனக்கு முன்பே பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். இத்தனை புத்தகம் படித்தும் எனக்கு வராத நேர்மை அது. கையெழுத்து முடிந்ததும் நெகிழ்ந்துபோய், “என்னை இவ்வளவு நம்பினீங்களேம்மா!” என்றேன்.

“உங்கள எங்க சார் நம்புனேன்? நான் சொன்ன சொல்லுக்கோசரம் வந்தேன்.”