மிஸ் ஆகத்தான் படித்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நேரம். தென்காசியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் நடக்கும் பயிற்சி மையத்துக்குப் படியேறிப் போனேன். எனக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி அச்சன்புதூருக்கு வந்தவள், அதன்பிறகு படிப்பு என்ற பேச்சையே எடுத்ததில்லை. வளைகுடாவில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் கண்ணில் இறங்கிவிட்டது. பார்வை மங்கிய டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார். இனி நான்தான் சம்பாதிக்க வேண்டும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலை பிள்ளை வளர்ப்பதுதான். நான் மூத்த மருமகள். என் மகள் மட்டுமல்ல, கொழுந்தன்மார் பிள்ளைகளும் என் இடுப்பிலிருந்து இறங்கி நடந்தவர்கள்தான். அழுகையைக் கேட்டே பசியா, தூக்கமா, காதுவலியா என்று சொல்லிவிடுவேன். அதையே வேலையாகப் பார்த்தால் என்ன என்றுதான் கிளம்பினேன்.

அங்கே குழந்தைகளைப் பற்றிய படிப்பே மூன்று படியாக இருந்தது. ஆறு மாதச் சான்றிதழ் படித்தால் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. ஒரு வருடம் படித்தால் நர்சரி டீச்சர். இரண்டு வருட டிப்ளமோ எல்லாவற்றுக்கும் மேலே. அங்கிருந்த பயிற்சியாளர் அம்மா நல்ல மனுஷி. எந்தப் படிப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. "எந்த வயசுப் பிள்ளைகளோட இருக்கணும்னு ஆசைப்படுதீக?" என்றுதான் கேட்டார்.

"கைக்குழந்தைங்க. நடை பழகுத பிள்ளைங்க" என்றேன்.

"அப்ப ஆறு மாசம் போதும். குத்தாலத்துல ஒரு காப்பகம் இருக்கு. ஓட்டலுக்கும் கடைக்கும் வேலைக்கு வார பொம்பளைங்க பிள்ளைகளை விட்டுட்டுப் போறாக. படிச்ச ஆள் கிடைக்கலன்னு அங்கன சொல்லிக்கிட்டே இருக்காக."

அப்போதே அந்த ஆறு மாதப் படிப்பில் சேர்ந்திருக்கலாம். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி இறங்கினேன். எங்கள் பக்கம் ஒரு பாயசம் வைப்பதென்றாலும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுத்தான் வைப்போம்.

வீட்டில் கேட்க வேண்டிய ஆள் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். தம்பி குடும்பத்தைத் தாங்கிய மனுஷி, கெட்டவர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "நாளைக்கு நம்ம பிள்ளையப் பொண்ணு பாக்க வாரவுக, உம்மா என்ன செய்யுதான்னு கேப்பாக. பிள்ளைக்குக் கால் கழுவி விடுதான்னா சொல்லுவ? படிக்கதே படிக்க, பெரிய படிப்பாப் படி. டீச்சர்னு சொல்லிக்கலாம்லா."

எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து முடித்திருப்பார்கள். மதினி பயந்தது அதற்குத்தான். மகள் அப்போது கல்லூரியில் இருந்தாள். பழியை முழுக்க மதினி தலையில் போட்டால் அது பொய். டீச்சர் என்ற சொல் எனக்கும் இனித்தது. அகலக்கால் வைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், நானே வைத்தேன். இரண்டு வருட டிப்ளமோவில் சேர்ந்தேன்.

பாடமெல்லாம் ஆங்கிலம். குழந்தையின் மனம் எப்படி வளர்கிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதை நெட்டுருப் போட்டேன். அவர்கள் பெயர்களே என் வாயில் நுழையவில்லை. சாயங்காலம் நான் சத்தமாகப் படிப்பேன், வீட்டுக்காரர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எனக்கு முன்னால் அவருக்கு மனப்பாடமாகிவிடும். "பேசாம பரீட்சைக்கு நான் போறேன், நீ வண்டி ஓட்டப் போ" என்பார். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் சிரித்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

இரண்டாம் வருடம் இலஞ்சியில் ஒரு நர்சரி பள்ளியில் செய்முறைப் பயிற்சி. புடவையில் பின் குத்தி, கழுத்தில் அட்டை மாட்டி நின்றேன். பிள்ளைகள் மிஸ் என்றன. ஒருநாள் நல்ல மழை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்குழந்தை பாவாடையை நனைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றது. யோசிக்கவே இல்லை. தூக்கிக்கொண்டு போய் வெந்நீரில் கழுவி, என் முந்தானையைச் சுற்றி மடியில் போட்டுக்கொண்டேன். சற்று நேரத்தில் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. இதற்குத்தானே வந்தேன் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பள்ளியை நடத்தும் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். பெற்றவர்கள் யாராவது பார்த்தால் டீச்சரே கழுவுகிறார், ஆயா இல்லாத பள்ளி என்று பேசுவார்கள். இனிமேல் கூடாது என்றார். வெளியே வந்தால் ஆயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். "நீங்களே எல்லாம் செஞ்சிட்டா எனக்குச் சம்பளம் எதுக்கும்பாக மிஸ். எங்க பொழப்புல கை வைக்காதீக" என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அன்று முதல் பிள்ளைகள் அழுதால் நான் ஆயாவைக் கூப்பிட்டேன். என் கைக்கு அங்கே சாக்பீஸ் மட்டும்தான்.

டிப்ளமோ வந்தது. மதினி அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். நான் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினேன். போன இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். நெட்டுருப் போட்டது பரீட்சைத் தாளில் வந்தது, பேச்சில் வருமா? எனக்கு முன்னாலும் பின்னாலும் என் மகள் வயதுப் பெண்கள் உட்கார்ந்து பட்டாசாகப் பொரிந்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். எங்கிருந்தும் சொல்லி அனுப்பவில்லை.

கடைசியில் போன சாரலில், வெட்கத்தை விட்டுக் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். பயிற்சியாளர் அம்மா முதல்நாளே சொன்ன அதே காப்பகம். அதை நடத்துகிறவர் என் டிப்ளமோ நகலைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. "இங்கன எல்லாரும் ஆறு மாசம் படிச்சவுக. உங்களை அவுகளுக்குக் கீழ எப்படி வைக்க? மேல வைக்க இங்கன இடமே கிடையாது. பெரிய ஸ்கூல் கிடைச்சா நீங்களும் போயிருவீக" என்றார். கால் கழுவவும் தயார், போகமாட்டேன் என்றேன். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால்கூட ஒரு இடம் இருந்திருக்கும், இப்போது நிரம்பிவிட்டது என்றார்.

குடையை விரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே ஒரு குழந்தை அழுதது. பசி அழுகை இல்லை, தூக்கத்துக்கான அழுகை. தோளில் போட்டு முதுகில் மெதுவாகத் தட்டினால் அடங்கிவிடும். யாரோ பால் புட்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள் போலிருக்கிறது, அழுகை கூடியது. கேட்டுக்கு வெளியே சாரலில் நின்றுகொண்டு, என் கை தானாகக் குடைக்காம்பைத் தட்டுவதைப் பார்த்தேன். அங்கேயே அழுதேன். அந்தச் சாலையில் அருவிக்குப் போகிறவர்கள் எல்லோருமே நனைந்துதான் இருந்தார்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். உம்மா என்ன செய்கிறார்கள் என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டே விட்டார். மதினி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர், சுவரைக் காட்டி, "டீச்சருக்குப் படிச்சிருக்கா" என்றார். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். "எங்க தங்கச்சியும் பிள்ளைகளோடதான் இருக்கா. குத்தாலத்துல காப்பகம். ஆறு மாசம் படிச்சா, உடனே எடுத்துக்கிட்டாக. அவ சம்பளத்துலதான் அவ வீடே ஓடுது" என்று பெருமையாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் அங்கன ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே" என்றார்.

மதினி டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுப் பாக்கேன்" என்றேன்.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. அது ஒன்றுதான் நல்லது. வீட்டுக்காரருக்கு இப்போது நிழல் மட்டும்தான் தெரிகிறது. நான் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் குழந்தைகள் பிரிவில் சட்டை மடித்து வைக்கிறேன். அளவு பார்க்க மேஜையில் நிறுத்தும் பிள்ளைகளைச் சில நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள், பிடித்துக்கொள்வேன். எந்த வயசுப் பிள்ளைகளோடு இருக்க ஆசை என்று ஒரே ஒரு ஆள் என்னைக் கேட்டார், நானும் சரியாகத்தான் பதில் சொன்னேன். அந்தப் பதிலை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரியா என்று இன்னொருவரிடம் கேட்டேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் மடிக்கிற சட்டை கையிலேயே நின்றுவிடுகிறது.